அவள் சாப்பிடுவதை யாரும் பார்க்கவில்லை

என் மகளுக்கு இப்போது மூன்றரை வயது. நேற்று மதியம் 22 நிமிடத்தில் சாப்பிட்டு முடித்து, தானாகவே எழுந்து கை கழுவப் போனாள். இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் இழுக்கும். முடியும்போது அவள் அழுதுகொண்டிருப்பாள், நானும் அழுதுகொண்டிருப்பேன், தட்டில் முக்கால்வாசி அப்படியே கிடக்கும். அந்த நாட்களில் யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்து, "இதை எந்த வரிசையில், யாரிடம் காட்டணும்" என்று சொல்லியிருந்தால் 14 மாதம் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஒரு தாய் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டது மட்டும்தான் இதில் இருக்கிறது. உங்கள் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு.

பிறந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாவது மாதத்திலிருந்து பால் குடித்ததும் எதுக்களிக்கும், முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழும். "நிறையக் குழந்தைகளுக்கு இருக்கும், உட்கார ஆரம்பித்தால் போய்விடும்" என்றார்கள். அது பெரும்பாலும் உண்மைதான், இவளுக்கும் ஒரு வயதுக்குள் நின்றுவிட்டது. ஆனால் அந்த மாதங்களில் பால் என்றாலே வலி என்று அவள் உடம்பு பழகியிருக்கிறது என்பதை இரண்டு வருடம் கழித்துத்தான் ஒருவர் எனக்குச் சொன்னார். ஏழாம் மாதம் மசித்த உணவு ஆரம்பித்தோம். கூழாக இருந்தால் சாப்பிட்டாள். பத்தாம் மாதம் கொஞ்சம் திப்பி திப்பியாகக் கொடுத்தபோது ஓங்கரித்து வாந்தி எடுத்தாள். நான் பயந்துபோய் மறுபடி மிக்சிக்குப் போனேன். போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். இரண்டு வயதை நெருங்கும்வரை எல்லாவற்றையும் அடித்துத்தான் கொடுத்தேன். இங்கேதான் என் முதல் தவறு. ஒன்பது, பத்து மாதத்துக்குள் கட்டியான, மெல்ல வேண்டிய பதத்தை மெதுவாகப் பழக்காமல் தள்ளிப்போட்டால் பிற்பாடு சாப்பாட்டுச் சிக்கல் வர வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஓங்கரிப்பு வேறு, மூச்சு அடைப்பது வேறு. ஓங்கரிப்பது குழந்தை தன்னைக் காத்துக்கொள்ளும் அனிச்சைச் செயல், அதில் சத்தம் வரும், முகம் சிவக்கும், பிறகு சரியாகிவிடும். மூச்சு முழுதாக அடைத்தால் சத்தமே வராது. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் அன்றைக்கு நான் அவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்க மாட்டேன்.

பத்தொன்பதாம் மாதம் நிஜமாகவே ஒருநாள் அடைத்தது. யாரோ ஆசையாகக் கொடுத்த ஆப்பிள் துண்டு. சில நொடிகள்தான். குப்புறப் போட்டு முதுகில் தட்டியதும் வெளியே வந்துவிட்டது. எனக்கு அது ஒரு மணி நேரமாகத் தெரிந்தது. அன்று இரவு அவள் எதையும் வாயில் வைக்க விடவில்லை. அடுத்த சில வாரங்களில் அவள் ஏற்றுக்கொண்டிருந்த உணவுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒன்று போனால் இன்னொன்று வந்து சேரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கடைசியில் ஏழு மிச்சம். அந்த ஏழும் ஒன்று கூழ், இல்லையென்றால் வாயில் போட்டதும் கரைந்துவிடுவது. மற்றதையெல்லாம் பால் ஈடுகட்டியது. தூக்கத்தில் பாட்டிலை வைத்தால் குடிப்பாள் என்று கண்டுபிடித்துவிட்டேன், அதனால் நாளுக்கு 900 மில்லி வரை போனது. வயிற்றில் ஏதோ போகிறதே என்ற ஆறுதல் எனக்கு.

இதற்கு ஒன்றரை மாதம் முன்பே, 18 மாதத் தடுப்பூசிக்குப் போனபோது, முதன்முதலாக மருத்துவரிடம் சொல்லியிருந்தேன். எடை போட்டார், வரைபடத்தில் புள்ளி வைத்தார், "கோட்டுக்குள்தான் இருக்கிறாள், இந்த வயதில் எல்லாக் குழந்தையும் இப்படித்தான்" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அதே பதில், கூடவே பசி எடுக்க ஒரு டானிக். அதைக் குடித்தால் பகலெல்லாம் தூங்கி வழிந்தாள், பசி மட்டும் வரவில்லை. இந்த வரைபடம் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். ஒரு நாள் வைக்கும் புள்ளி எதையும் சொல்லாது. புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். என் மகள் நடுக்கோட்டில் இருந்தவள், ஆறே மாதத்தில் இரண்டு கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தாள். அப்போதும் அவள் 'கோட்டுக்குள்' தான். வேறு வேறு இடத்தில் எடை பார்த்ததால் எந்த ஒரு மருத்துவர் கையிலும் முழுக் கோடு இல்லை. நீங்களே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், போகிற இடத்திலெல்லாம் அதே தாளில் குறிக்கச் சொல்லுங்கள். எடையோடு உயரத்தையும் கேட்டு வாங்குங்கள். எடைதான் முதலில் நிற்கும், உயரம் பிறகுதான் நிற்கும். உயரமும் நின்றுவிட்டால் விஷயம் நாள்பட்டது என்று அர்த்தம்.

டானிக் பலிக்காததால் குடல், இரைப்பை நிபுணரிடம் போனோம். அவர் பொறுமையான மனிதர். பால் ஒவ்வாமை இருக்கலாம், உணவுக்குழாயில் இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் சேர்ந்து அழற்சி இருக்கலாம், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இருக்கலாம் என்று விளக்கி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோபி எல்லாம் செய்தார். உள்ளே பார்க்க நன்றாக இருந்தாலும் சதைத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் விட மாட்டேன் என்றார். இயோசினோபில் அழற்சி கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலே இருக்கலாமாம், நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் பரப்பில் 15 அணுக்களாவது இருக்கிறதா என்று எண்ணித்தான் சொல்வார்களாம். சின்னக் குழந்தைகளிடம் அந்த நோய் 'சாப்பிட மாட்டேன்' என்று மட்டும்கூட வெளியே தெரியலாமாம். அவர் தேடியவற்றில் எல்லா முடிவும் நார்மல் என்று வந்தது. "வயிற்றில் ஒன்றும் இல்லை, சந்தோஷமாகப் போங்கள்" என்றார். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. மூன்று மாதச் சம்பளம் போயிருந்தது, மயக்க மருந்துக்காக அவளை ஆறு மணி நேரம் பட்டினி போட்டிருந்தேன், வீட்டுக்கு வந்தால் அதே மூடிய வாய். இன்றைக்கு யோசித்தால் அந்தப் பரிசோதனையை நான் குறை சொல்ல மாட்டேன். அது தேவைப்பட்டது. 'இங்கே இல்லை, அப்படியானால் அடுத்து எங்கே பார்க்கணும்?' என்று அந்த அறையிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். நார்மல் என்ற சொல் அந்த ஒரு உறுப்புக்குத்தான் பதில். குழந்தைக்குப் பதில் கிடைத்துவிட்டதாக அவரும் நினைத்தார், நானும் நினைத்துவிட்டேன்.

அடுத்து காது மூக்கு தொண்டை. டான்சில் பெரிதில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் நாக்கின் அடியில் இருக்கும் சவ்வு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, வெட்டிவிட்டால் சாப்பிடுவாள் என்றார்கள். தேதிகூட வாங்கிவிட்டோம். என் கணவர்தான், "நாக்கு எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்காமலே வெட்டுறதா?" என்று தடுத்தார். அந்தக் கேள்விக்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

இதற்கு நடுவே வீட்டில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் இதில் பாதி பொய்யாகிவிடும். பாட்டு, கைபேசி, பொம்மை, கெஞ்சல், மிரட்டல் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒருநாள் அவள் கைகளை என் கால்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கை மூடினால் வாயைத் திறப்பாள் என்று மூக்கைப் பிடித்தேன். திறந்தாள். ஊட்டினேன். அவள் விழுங்கவில்லை, கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நாற்பது நிமிடம் கழித்து அது அப்படியே வெளியே வந்தது. அந்தப் பார்வை இன்னமும் என்னை விட்டுப் போகவில்லை. என் அம்மா, "உன்னையெல்லாம் நான் இப்படியா வளர்த்தேன்? நீ பயப்படுறதாலதான் அவ சாப்பிட மாட்டேங்குறா" என்பார். அம்மாவுக்கும் கவலைதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு இரண்டு மாதம் நான் யாரிடமும் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் நஷ்டக் கணக்கில்தான் சேரும்.

பிறகு ஒரு மனநல ஆலோசகர். உணவில் இவ்வளவு பிடிவாதம் என்றால் ஆட்டிசமாக இருக்கலாம் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார். முறையான மதிப்பீடு நடந்து இல்லை என்று தெரிய ஆறு வாரம் ஆனது. சந்தேகப்பட்டது தவறில்லை, ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் உணவுச் சிக்கல் மிக அதிகம், பார்க்க வேண்டியதுதான். இல்லை என்று ஆனதும் நடந்ததுதான் எங்களைக் கவிழ்த்தது. "அப்படியானால் இது வெறும் நடத்தைப் பிரச்சினை. பால் உட்பட எல்லாவற்றையும் நிறுத்துங்கள், நீங்கள் கொடுப்பதைத் தவிர எதுவும் கிடையாது என்று இருங்கள், பசி வந்தால் தானே சாப்பிடுவாள்" என்றார். நானும் இருந்தேன். முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் அழவில்லை, அதை நான் முன்னேற்றம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் தூக்கினால் தலை சாய்ந்தது, உதடு காய்ந்திருந்தது, இரவு முழுக்கச் சிறுநீர் போகவில்லை. அவசரப் பிரிவில் சர்க்கரை இறங்கியிருந்தது என்று சொல்லி நரம்பில் நீர் ஏற்றினார்கள்.

பசித்தால் சாப்பிடுவாள் என்பது சாதாரணமாக அடம்பிடிக்கும் குழந்தைக்குப் பொருந்தும். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புது உணவைக் கண்டு பின்வாங்குவது இயல்பு, ஒரு உணவை எட்டு, பத்து, பதினைந்து முறைகூடக் காட்டிய பிறகுதான் பல குழந்தைகள் தொடவே செய்கிறார்கள். ஆனால் மெல்லத் தெரியாத குழந்தையை, விழுங்கப் பயப்படும் குழந்தையைப் பட்டினி போட்டு ஜெயிக்க முடியாது. உடம்பில் கோளாறு இல்லை, வாய்க்கு வேலை செய்யத் தெரியும் என்று இரண்டும் உறுதியாகும்வரை, உணவை நிறுத்திப்பார்க்கும் எந்த யோசனையையும் தயவுசெய்து ஏற்காதீர்கள். ஏற்கெனவே மெலிந்த குழந்தையாக இருந்தால் பட்டினிக்குப் பிறகு திடீரென நிறையக் கொடுப்பதும் ரத்தத்தில் உப்புகளின் அளவைக் குலைத்து ஆபத்தாகலாம், அதையும் மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் செய்வார்கள்.

அந்த அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் என் ஃபைலை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு டெஸ்ட் எடுத்திருக்கீங்க. பாப்பா சாப்பிடுறதை இதுவரைக்கும் யாராவது உட்கார்ந்து பார்த்திருக்காங்களா?" நான் யோசித்துப் பார்த்தேன். ரத்தத்தைப் பார்த்திருக்கிறார்கள், குடலைப் பார்த்திருக்கிறார்கள், தொண்டையைப் பார்த்திருக்கிறார்கள், அவள் என் கண்ணைப் பார்க்கிறாளா என்று பார்த்திருக்கிறார்கள். 13 மாதத்தில் ஒருவர்கூட அவள் ஒரு வாய் சாப்பிடுவதைப் பார்க்கவில்லை. அவர்தான் பல துறைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் உணவூட்டல் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார். இடம் கிடைக்க நான்கு வாரம்.

அந்த நான்கு வாரத்துக்கு அவர்கள் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். மூன்று நாள், அதில் ஒன்று விடுமுறை நாளாக, அவள் வாய்க்குள் போன ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். தட்டில் வைத்ததை எழுதக் கூடாது, உள்ளே போனதை மட்டும். பால் எத்தனை மில்லி, எந்த நேரம், எவ்வளவு நேரம் எடுத்தது. மலம் எப்படிப் போனது. சாப்பிட்டபின் குரல் நீர் கட்டிய மாதிரி கரகரக்கிறதா. இரண்டு வீடியோ: நன்றாகப் போன ஒரு வேளை, மோசமாகப் போன ஒரு வேளை. மோசமானதை எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. எடுத்தேன். அன்றைக்கு அதிகம் உதவியது அதுதான். மதிப்பீட்டு நாளுக்கு அவளுடைய கரண்டி, அவளுடைய கோப்பை, அவள் சாப்பிடும் ஒன்று, பாதி சாப்பிடும் ஒன்று, தொடவே தொடாத ஒன்று, இவற்றோடு ஓரளவு பசியோடு கூட்டி வரச் சொன்னார்கள்.

அன்று அறையில் நான்கு பேர். குழந்தை மருத்துவர், டயட்டீஷியன், விழுங்குதலைப் பார்க்கும் ஸ்பீச் தெரபிஸ்ட், சைக்காலஜிஸ்ட். முதல் அரைமணி நேரம் யாரும் அவளைத் தொடவில்லை. வழக்கம்போல ஊட்டுங்கள் என்றார்கள். பிறகு தெரபிஸ்ட் அவளோடு தரையில் உட்கார்ந்து, மெல்லியதாக, சுலபமாக நொறுங்கும் ஒரு துண்டை அவள் கடைவாய்ப் பல் மேல் வைத்தார். என்னைக் கிட்டே வந்து பார்க்கச் சொன்னார். துண்டு பல் மேல் இருக்கிறது. நாக்கு அதைத் தேடிப் பக்கவாட்டில் போகவே இல்லை. முன்னும் பின்னுமாக மட்டும் ஆடியது, பால் உறிஞ்சும் குழந்தையின் நாக்கு மாதிரி. தாடை மேலும் கீழும் இரண்டு முறை தட்டியது. துண்டு நழுவி நடு நாக்குக்கு வந்தது, அப்படியே பின்னால் போனது, உடனே ஓங்கரிப்பு. "பாருங்கம்மா, இவளுக்கு இன்னும் மெல்லவே தெரியாது. துண்டைப் பல்லுக்குத் தள்ளுறதும், அரைச்சதை ஒண்ணா உருட்டி விழுங்குறதும் நாக்கோட வேலை. அது பழகலை. முழுசா உள்ள போகுது, பயப்படுறா. அந்தப் பயம் நியாயமான பயம்." இரண்டே நிமிடம் எடுத்தது இதைப் பார்க்க.

சைக்காலஜிஸ்ட் என் மோசமான வீடியோவைச் சத்தத்தை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டினார். "கரண்டியைப் பார்க்காதீங்க, அவ தோளைப் பாருங்க" என்றார். கரண்டி இன்னும் தட்டைவிட்டே கிளம்பவில்லை, என் மணிக்கட்டு கொஞ்சம் திரும்புகிறது, அவ்வளவுதான், அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடுகிறது. உணவு என்ன என்று அவள் பார்க்கவே இல்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த அறையிலேயே உடைந்துவிட்டேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "குழந்தை சாப்பிடலைன்னா எந்த அம்மாவும் ஊட்டத்தான் பார்ப்பாங்க. நீங்க அழுத்த அழுத்த அவ மூடினா, அவ மூட மூட நீங்க அழுத்தினீங்க. முதல்ல எது வந்ததுன்னு தேடாதீங்க" என்றார்.

டயட்டீஷியன் என் மூன்று நாள் குறிப்பைக் கூட்டிப் பார்த்து, கலோரியில் பாதிக்கு மேல் பாலிலிருந்து வருகிறது, இந்த வயதுக்கு நாளுக்கு 500 மில்லிக்கு மேல் போனால் பசியும் அடங்கும், இரும்புச்சத்தும் குறையும் என்றார். உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பார்த்தார்கள். ஐந்து வயதுக்குள் 12-க்குக் கீழே இருந்தாலே உடம்பில் இருப்பு தீர்ந்துவிட்டது என்பார்களாம். இவளுக்கு 6. முன்பு எடுத்த பரிசோதனைகளில் ஹீமோகுளோபின் மட்டும்தான் இருந்தது, சற்றுக் குறைவு என்று இரும்புச் சொட்டு மருந்து எழுதியிருந்தார்கள், நான் அதைப் பாலில் கலந்து கொடுத்துவந்தேன். பால் இரும்பைச் சரியாக உறிஞ்சவிடாது என்று எனக்குத் தெரியாது. இரும்புச்சத்துக் குறைவே பசியைக் கெடுக்கும், பசி இல்லாததால் இன்னும் பால், பாலால் இன்னும் குறைவு. மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்து நாள்பட்ட மலச்சிக்கல் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அடைத்துக்கிடக்கும் வயிற்றுக்குப் பசி எப்படி வரும்? இந்தக் குழுவிடம் வரும்வரை மலத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு முறை நெஞ்சுச் சளி பிடித்த வரலாறு இருந்ததால், விழுங்குவதை எக்ஸ்-ரே படமாக ஓடவிட்டுப் பார்க்கும் வீடியோஃப்ளூரோஸ்கோபி செய்யலாம் என்றார்கள். சில குழந்தைகளுக்கு உணவோ பாலோ மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது, சத்தமில்லாமல் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும், வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. படம் எடுப்பது சில நிமிடம்தான், ஆனால் எக்ஸ்-ரேயில் தெரியும் பேரியம் கலந்ததைக் குழந்தை விழுங்கினால்தான் படம். என் பக்கத்தில் காத்திருந்த ஒரு தாய், குழந்தை வாயே திறக்கவில்லை என்று திரும்பிப் போனார். உங்கள் குழந்தை ஏற்கும் உணவையும் அதன் கோப்பையையும் கொண்டுபோய், அதில் கலந்து கொடுக்கச் சொல்லுங்கள். இவளுக்கு மூச்சுக்குழாய்க்குள் எதுவும் போகவில்லை. அந்த 'நார்மல்' தாளைப் பார்த்து நான் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் இந்த முறை எதற்காகப் பார்க்கிறோம், அடுத்து என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலை நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து எங்களிடம் பேசினார்கள். 2019-ல் பல துறை நிபுணர்கள் சேர்ந்து குழந்தைகளின் உணவூட்டல் கோளாறுக்கு ஒரு பொது வரையறை வெளியிட்டார்களாம். வயதுக்கேற்ப வாய்வழியாகச் சாப்பிட முடியாத நிலை இரண்டு வாரமாவது நீடித்து, உடல்நோய், ஊட்டச்சத்து, உண்ணும் திறன், மனமும் குடும்பச் சூழலும் என்ற நான்கில் ஒன்றிலாவது கோளாறு இருந்தால் அந்தப் பெயர். மூன்று மாதம் தாண்டினால் நாள்பட்டது. இவளுக்கு நான்கிலும் ஏதோ கொஞ்சம் இருந்தது. எதுவுமே தனியாக எடுத்தால் பெரிதில்லை, அதனால்தான் தனித்தனியாகப் பார்த்த ஒவ்வொருவருக்கும் அது சின்னதாகத் தெரிந்தது. நான் இணையத்தில் படித்துப் பயந்துபோயிருந்த ஆர்ஃபிட் பற்றியும் கேட்டேன். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேட்டில் வந்த பெயர் அது. சுவை, பதம் தாங்காமலோ, உணவில் நாட்டமே இல்லாமலோ, அடைத்துவிடும் வாந்தி வரும் என்ற பயத்தாலோ குழந்தை உணவைத் தவிர்த்து அதனால் எடை, சத்து, அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படுவது, உடல் மெலிய வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்காது. இவளிடம் அடைத்துக்கொண்ட பயம் இருக்கிறது, ஆனால் மெல்லும் திறன் வராததுதான் பெரும் பங்கு, திறன் வந்த பிறகும் பயம் நின்றால் அந்தப் பெயரை யோசிக்கலாம் என்றார் சைக்காலஜிஸ்ட்.

சிகிச்சையை நீட்டி எழுதப் போவதில்லை, அது ஒவ்வொரு குழந்தைக்கும் வேறு. எங்களுக்குச் சொன்ன வரிசை மட்டும்: முதலில் மலச்சிக்கலும் இரும்பும், பாலை வாரம் கொஞ்சமாகக் குறைப்பது, வாரம் இருமுறை மெல்லும் பயிற்சி, வீட்டில் அழுத்தம் அறவே கூடாது. என்ன, எப்போது, எங்கே என்பதை நான் முடிவு செய்வேன். சாப்பிடுவதா, எவ்வளவு என்பதை அவள் முடிவு செய்வாள். அரை மணி நேரத்துக்கு மேல் எந்த வேளையும் கிடையாது, நடுவில் இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும். முதல் மூன்று வாரம் எடை கொஞ்சம் குறைந்தது, நான் மறுபடி கரண்டியைத் தூக்கப் போனேன். டயட்டீஷியன் வாராவாரம் எடை பார்த்துக்கொண்டிருந்ததால்தான் என்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடிந்தது. பக்கத்தில் யாரும் எடை பார்க்காமல் இதைத் தனியாக முயலாதீர்கள்.

எல்லா ஊரிலும் இப்படி ஒரு குழு இருக்காது. இல்லையென்றால் ஒரு குழந்தை மருத்துவரைப் பிடித்து, எல்லாரையும் இணைக்கும் பொறுப்பை அவர் ஏற்பாரா என்று நேரடியாகக் கேளுங்கள். விழுங்குதலில் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட்டை, பெரிய பரிசோதனைகளுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஒரே ஃபைல் வையுங்கள், முதல் பக்கத்தில் ஒரே தாளில் வரலாறு எழுதிவையுங்கள், அது இல்லாததால் நாங்கள் ஒரே ரத்தப் பரிசோதனையை மூன்று இடத்தில் மூன்று முறை எடுத்தோம். ஒவ்வொருவரிடமும் "இதில் எது இல்லை என்று உறுதியாகிவிட்டது, எது இன்னும் பார்க்கப்படவில்லை" என்று கேட்டு அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். பச்சை நிறத்தில் வாந்தி, வாந்தியில் ரத்தம், சாப்பிடும்போது நீலம் பாய்வது, மந்தமாகக் கிடப்பது, எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதது, இவற்றில் ஒன்று வந்தாலும் சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இப்போது அவள் கணக்கில் 19 உணவு. ஃபெரிட்டின் ஏறிவிட்டது, எடை பழைய கோட்டுக்கு ஒரு கோடு கீழே, ஆனால் கோட்டோடு சேர்ந்து ஏறுகிறது. இன்னும் புது இடத்தில் சாப்பிட மாட்டாள், கடினமான துண்டை இன்னும் துப்புகிறாள், அடுத்த பரிசோதனை இரண்டு மாதம் கழித்து. போன வாரம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் தட்டிலிருந்து மொறுமொறுப்பான ஒரு துண்டை எடுத்து, விரலால் கடைவாய்க்குத் தள்ளி, கடித்தாள். சத்தம் கேட்டதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, இங்க கேக்குது" என்றாள். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.